நாலுக்கு மூணு

வீட்டுக் கதவில் சாக்பீஸால் அவர் எழுதியிருந்த எண் மாறியிருந்தது.

மலேரியாவுக்கு மருந்தடிக்கிற வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் எத்தனை அறை, அதில் எத்தனைக்கு மருந்து அடித்தாயிற்று என்று கதவில் எழுதிவிட்டுத்தான் அடுத்த வீட்டுப் படி ஏற வேண்டும். ஊர்க் கதவுகளில் எல்லாம் உள்ளதை எழுதியவர், தன் வீட்டுக் கதவில் மட்டும் 4/4 என்று புளுகியிருந்தார். மகளின் அறைக்கு அப்போதுதான் வெள்ளையடித்திருந்தது. "திட்டுத் திட்டாப் படியும், அங்க மட்டும் வேணாங்க" என்றாள் மனைவி. அவரும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டிவிட்டார்.

இப்போது கதவில் 3/4 என்றிருந்தது. வால் நீண்ட அந்த 3 அவருடைய கையெழுத்தேதான்.

"ஆபீஸ்லேருந்து யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரலியே" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து. "பாப்பா தூங்குறா. இன்னைக்கு ஜுரமே காணோம்."

இரண்டு வாரமாக மகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் ஜுரம். இன்று வரவேண்டிய நாள். மூன்று மணி ஆனால் அவள் நடுங்குகிற நடுக்கத்தில் கட்டிலே கிறீச்சிடும். இன்று அந்தச் சத்தம் இல்லை. மூடிய கதவுக்குப் பின்னால் மெல்லிய ரீங்காரம் ஒன்று மட்டும், காதுக்குள்ளேயே கேட்பதுபோல, விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

திறந்தார். மழை மூட்டத்தில் அறை மங்கிக் கிடந்தது. காயாத துணியின் நாற்றமும், அதற்கடியில் துருப்பிடித்த இரும்பின் வாடையும் முகத்தில் அடித்தன. வெள்ளையடித்த சுவர் ஏன் சாம்பலாக இருக்கிறது என்று டார்ச்சை அடித்தார்.

கொசு. தரையிலிருந்து கூரைவரை.

மற்றக் கொசுக்கள் சுவரோடு சுவராக உட்காரும். மலேரியா கொசு மட்டும் வாயைச் சுவரில் ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சாய்ந்து நிற்கும். வீடு வீடாக அவர் நடித்துக் காட்டிச் சிரிக்கவைக்கிற வித்தை அது. மகளுக்கும் அத்துப்படி.

அத்தனையும் அப்படித்தான் நின்றன. ஒன்றுகூடப் பறக்கவில்லை.

அப்படியானால் ரீங்காரம் எங்கிருந்து?

கட்டிலுக்கு வெளிச்சத்தைத் திருப்பினார். கொசுவலைக்குள் யாரும் இல்லை.

"பாப்பா?"

ரீங்காரம் நின்றது.

வெளிச்சம் மெல்ல மூலைக்குப் போயிற்று. அங்கே மகள். வாய் சுவரில். கைகள் பின்னால். உடம்பு சாய்வாக, விறைப்பாக.

பாதங்கள் தரையில் இல்லை.