பட்டன் பேட்டரி எங்கே?

வீட்டில் அவளை ‘மின்மினி’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்நேரமும் எதையாவது எரியவைத்துக்கொண்டிருப்பாள். குட்டி பல்பைத்தான், அடுப்பை அல்ல.

தம்பியின் பட்டப்பெயர் ‘மிக்ஸி’. ஒன்றரை வயது. கையில் எது கிடைத்தாலும் வாயில் போட்டு அரைத்துப் பார்ப்பான். செருப்பு வார், அப்பாவின் மூக்குக்கண்ணாடி என்று எதையும் விட்டுவைத்ததில்லை.

அன்று மின்மினி தோழிக்காக ஒரு வாழ்த்து அட்டை செய்துகொண்டிருந்தாள். திறந்தால் உள்ளே பல்பு எரிய வேண்டும். மேசையில் ஒயர், கத்தரிக்கோல், பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர், இரண்டு பட்டன் பேட்டரிகள் எல்லாம் பரவிக் கிடந்தன.

தண்ணீர் குடித்துவிட்டு வந்தவள் திடுக்கிட்டாள். மிக்ஸி நாற்காலியில் ஏறி நின்று எதையோ மென்றுகொண்டிருந்தான். மேசையில் ஒரே ஒரு பேட்டரிதான் இருந்தது!

“ஆ காட்டுடா!”

காட்டினான். வாய்க்குள் அட்டையின் ஒரு மூலை ஈரமாக ஒட்டியிருந்தது. பேட்டரி இல்லை.

மேசைக்கடியில் பார்த்தாள். அங்கும் இல்லை. இன்னும் கொஞ்சம் தேடிப் பார்க்கலாமா? சொன்னால் அம்மா உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாளே!

தம்பியைப் பார்த்தாள். அவன் சிரித்தான். அவள் அம்மாவிடம் ஓடினாள்.

“அம்மா! தம்பி பேட்டரியை முழுங்கிட்டானோன்னு பயமா இருக்கும்மா!”

அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. பிள்ளையை வாரி எடுத்தாள். அப்பா கார் சாவியோடு வாசலுக்கு ஓடினார்.

மருத்துவமனையில் உடனே எக்ஸ்ரே எடுத்தார்கள். மின்மினி நகத்தைக் கடித்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சிரித்த முகத்தோடு வந்தார். “பேட்டரி எதுவும் இல்லை. வயித்துல காத்துதான் நிறைய இருக்கு.”

அம்மா தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“உடனே சொன்னது யாரு?” என்று கேட்டார் டாக்டர்.

“நான்தான். வெளியில வச்சதும் நான்தான்.” மின்மினி தலையைக் குனிந்துகொண்டாள்.

“சொன்னியே, அதுதான் பெரிய விஷயம். முழுங்கின பேட்டரி சீக்கிரமே தொண்டையை அரிச்சிடும், இதுல காத்திருந்து பார்க்கவே கூடாது. சரி, இப்போ வீட்டுக்குப் போய் அதைத் தேடிக் கண்டுபிடி.”

வீட்டில் அம்மா மிக்ஸியை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. அப்பா கட்டிலை நகர்த்தினார். தூசியும் ஒற்றைக் காலுறையும்தான் கிடைத்தன.

மின்மினி மேசை முன் நின்று யோசித்தாள். பேட்டரியின் வெளி ஓடு இரும்புதானே? இரும்பு தானாக எங்கே போய் ஒட்டும்?

ஸ்பீக்கரைத் தூக்கித் திருப்பினாள். பின்பக்கக் காந்தத்தில் பேட்டரி சமர்த்தாக ஒட்டிக்கொண்டிருந்தது.

“அப்பா! கிடைச்சிடுச்சு!”

அப்பா கட்டிலுக்கடியிலிருந்து ஒட்டடைத் தலையோடு வெளியே வந்தார். அதைப் பார்த்து அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

மின்மினி இரண்டு பேட்டரிகளையும் ஒரு டப்பாவில் போட்டு, மூடியை இறுகத் திருகினாள். “இதை மேல் தட்டுல வைங்கப்பா. எனக்கே எட்டக் கூடாது. வேணும்னா கேட்டு வாங்கிக்கறேன்.”

பிறகு தம்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவன் அக்காவின் பின்னலை இழுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

மென்றுவிட்டுப் போகட்டும் என்று அவள் சும்மா இருந்தாள்.