வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கம் பஸ்

"தொடாத! அந்த வெள்ளைத் துணியைத் தொடாதன்னு சொல்றேன்ல!"

கட்டிலில் கிடந்தபடியே சலோமியம்மா போட்ட கூச்சலில் பொன்னுத்தாயின் கை அப்படியே நின்றது. இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்ட மாமியாருக்கு வீட்டிலேயே நற்கருணை கொடுக்கப் போதகர் வரப்போகிறார். காலையில் மாமியாரைத் துடைத்து, சேலை மாற்றி, தலை வாரிவிட்டது இதே கைதான். அதற்கெல்லாம் தீட்டில்லை; மேசைக்குத் துணி விரிக்க மட்டும் தீட்டு!

போதகர் வந்து வெறும் மேசையில் அப்பத்தையும் திராட்சரசப் பாத்திரத்தையும் வைத்ததும் வைக்காததுமாகச் சலோமியம்மா ஆரம்பித்துவிட்டார்.

"ஐயா, இவ வாங்குனா நான் வாங்க மாட்டேன்! ஞானஸ்நானம் எடுத்து என்ன பிரயோஜனம்? வெள்ளிக்கிழமை ஆனா போதும், ஸ்ரீரங்கம் பஸ்ஸுல ஏறிடுறா... கோயிலுக்கு! பொறந்த மருங்காபுரிக் காட்டுப் புத்தி எங்க போகும்? என் மவன் பெஞ்சமினை ஏமாத்துற வேஷக்காரி!"

பொன்னுத்தாய்க்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரே வார்த்தையில் இந்த வாயை அடைத்துவிடலாம். ஆனால் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாளே... பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"கோயிலுக்கு இல்லம்மா! எங்கிட்ட!"

வாசலில் ஜாஸ்லின்! ஸ்ரீரங்கத்து இந்துப் பையன் பாலுவைக் கட்டிக்கொண்டாள் என்று சலோமியம்மா தலைமுழுகிய சொந்த மகள். இடுப்பில் குழந்தை.

"நான் செத்துட்டேன்னு சொன்னியே, என் பிரசவத்துக்கு யாரு கூட நின்னா? வாராவாரம் வந்து உன் பேத்தியைக் குளிப்பாட்டுறது யாரு? அண்ணிதான்! உனக்குத் தெரிஞ்சா அவங்களையும் துரத்திடுவேன்னு நான்தான் சத்தியம் வாங்குனேன். நீ விழுந்துட்டேன்னு அண்ணி போன்ல சொன்னதும்... வராம இருக்க முடியலம்மா..."

போதகர் பாத்திரத்தை மூடினார். "சமாதானமாகாம இதை யாருக்கும் குடுக்க மாட்டேன்மா."

சலோமியம்மாவின் உதடு கோணியது. "பொன்னு... என்னை மன்னிப்பியாடி?"

'மாட்டேன்!' என்று கத்தத்தான் வாய் துடித்தது. கேட்ட வசவெல்லாம் நெஞ்சில் கொதித்தது. ஆனால்... ஆணி அடித்தவர்களுக்காகவும் ஜெபித்தவரை நம்பித்தானே ஞானஸ்நானத் தண்ணீரில் இறங்கினாள்? போய் மாமியாரின் தலையைத் தூக்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"மன்னிச்சிட்டேன் அத்தே. ஆனா வலிக்கலன்னு பொய் சொல்ல மாட்டேன். இனிமே இப்படிப் பேசுனீங்கன்னா, கேட்டுக்கிட்டு நிக்கவும் மாட்டேன்!"

சலோமியம்மா மருமகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். ஜாஸ்லின் ஓடிவந்து காலடியில் உட்கார்ந்தாள். பேத்தியின் குட்டிக் காலைப் பிடித்து முத்தமிட்டார் கிழவி. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எந்திரி பொன்னு, அந்தத் துணியை விரி. ஐயா... மொதல்ல இவளுக்குக் குடுங்க!"