பூனை மீசைக்கு ஒரு நிழல்

செத்துக் கிடந்தவர் பூனையாக இருந்தார்.

மூக்கு நுனியில் கறுப்பு. கன்னம் இரண்டிலும் மீசை. உடம்பில் ஓட்டக்காரர்களுக்குக் கொடுத்த மஞ்சள் பனியன். மேடையிலிருந்து ஒப்பனை அறைக்கு இறங்கும் மரப்படியின் அடியில், கலை விழாக் கமிட்டித் தலைவர் மல்லாந்து கிடந்தார்.

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

விடிந்ததிலிருந்து அவளுக்குப் பூனை போடுகிற வேலைதான். கலை விழாவோடு சேர்த்து, குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்டும் ஓட்டம். ஓடுகிறவர்கள் அத்தனை பேரும் பூனை முகத்தோடு ஓட வேண்டும் என்பது அங்கே படுத்திருக்கும் பிள்ளைகளின் ஆசை. ஓவியம் வரைகிறவள் என்று ஒருத்தி இருந்தால் வேறு யார் தலையில் கட்டுவார்கள்? கை மரத்து, இடுப்பு விட்டுப்போய், இனி ஒரு பூனை வந்தால் கடித்துவிடுவது என்ற முடிவில் இருந்தபோதுதான் கான்ஸ்டபிள் வந்து கூப்பிட்டார்.

"உட்காருங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். அவரும் நல்ல தூக்கம் தூங்கி நாளானவர் போலத்தான் இருந்தார்.

"வேணாம் சார். உட்கார்ந்தா எழுந்திரிக்க மாட்டேன்."

"சரி. இந்த முகம்... நீங்க போட்டதுதானா?"

குனிந்து பார்த்தாள்.



மீசை ஒவ்வொன்றுக்கும் கீழே, வலப்பக்கமாக, மெல்லிய சாம்பல் கோடு. நிழல்!

பூனை மீசைக்கு யாராவது நிழல் கொடுப்பார்களா?

ஒருவர் கொடுப்பார்... அவள் புருஷன். கடைப் பலகை எழுதியே பழகிய கை. ஒவ்வொரு எழுத்துக்கும் நிழல் கொடுத்தால்தான் அது அடங்கும். மகளின் டிபன் பாக்ஸில் பெயர் எழுதச் சொன்னால்கூட நிழல் விழும்.

விழா மேடைக்குப் பின்திரை வரைந்ததும் அவர்தான். முதுகு ஒடிய வரைந்தார். நேற்றுத் தலைவர் அதைக் கிழித்து எறிந்துவிட்டு, அச்சடித்த பிளெக்ஸை மாட்டினார். வீட்டுக்கு வந்த புருஷன் சாப்பிடவில்லை. விடியுமுன் எழுந்து, 'மேடை வரைக்கும் போயிட்டு வரேன்' என்று கிளம்பினார். அவள் தடுக்கவில்லை. தடுக்கத் தெம்பு இல்லை.

"சொல்லுங்கம்மா."

என்ன இருந்தாலும் புருஷன். விட்டுக் கொடுக்க மனசு வரவில்லை.

"ஆமா சார். நான்தான் போட்டேன்."

"எப்போ?"

"ஓட்டம் ஆரம்பிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. நல்லாத்தான் இருந்தார். ஓடிட்டு வந்து படியில தடுக்கி..."

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடித் திறந்தார்.

"டாக்டர் பார்த்துட்டாரும்மா. இவர் ஓடவே இல்ல. விடியறதுக்கு முன்னாடியே உயிர் போயிருச்சு. அப்போ நீங்க யாருக்குப் பூனை போட்டீங்க... பிணத்துக்கா?"

அவள் மறுபடி அந்த மீசையைப் பார்த்தாள்.

"திரையைக் கிழிச்சதுல உங்களுக்கு இவர் மேல தாங்க முடியாத கோபமாமே?"

"யார் சொன்னது?"

"உங்க வீட்டுக்காரர்."

"அவரா?"

"டாக்டர் சொன்னது காதுல விழுந்ததும் தானாவே வந்தாரு. அழுதாரு. 'நான் தூங்கிட்டிருந்தேன் சார்... இருட்டோட கலர் பெட்டியைத் தூக்கிக்கிட்டு அவ கிளம்பிட்டா'ன்னாரு. முகத்துல இருக்கிறது உங்க கைவேலைதான்னு அடிச்சுச் சொல்றாரு."

இப்போது அவள் உட்கார்ந்தாள்.

அழுகை வரவில்லை. அழுவதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே! ஆனால் வலித்தது. அவருக்காக ஜெயிலுக்குப் போகத் துணிந்தவளை, அவர் முந்திக்கொண்டு அனுப்பி வைக்கிறார்.

"சார், நான் பொய் சொன்னேன்."

"தெரியுது. எது பொய்?"

"இது நான் போட்ட முகம் இல்ல. வெளியில நிக்கிற பூனைங்களைப் பாருங்க. ஒண்ணுக்காவது மீசைக்குக் கீழ நிழல் இருக்கா?"

இன்ஸ்பெக்டர் பிணத்தின் முகத்தைப் பார்த்தார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஓடி முடித்து, மூச்சு வாங்க நின்ற பூனைகள் ஒன்றுக்கும் நிழல் இல்லை.

"யார் வேலைம்மா இது?"

"அவரையே கூப்பிடுங்க. எதுவும் சொல்லாம, ஒரு பூனை மட்டும் போடச் சொல்லுங்க."

"உஷாராகி நிழலை விட்டுட்டா?"

"விட மாட்டார் சார். அந்தக் கை யார் பேச்சையும் கேக்காது. அவர் பேச்சையும்."

பக்கத்து அறைக்கு அவரை வரவழைத்தார்கள். கண் சிவந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார். அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"கடைசி ஓட்டத்துல போலீஸும் ஓடணுமாம். ஆஸ்பத்திரிப் பிள்ளைங்க கேட்டிருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். "உங்க சம்சாரம் இப்போ வர்ற நிலைமையில இல்ல. நம்ம கான்ஸ்டபிளுக்கு ஒரு பூனை போட்டு விடுங்க."

"போட்டுட்டாப் போச்சு சார்."

மூக்கு முடிந்தது. இடக் கன்னத்தில் ஒரு மீசை... இன்னொரு மீசை...

கை நின்றது.

இத்தோடு விட்டுடுங்க என்று அவள் மனசு ஒரு கணம் கெஞ்சியது. அந்தக் கணத்துக்காக அவளுக்கே அவள் மேல் எரிச்சலாக வந்தது.

பிரஷ் சாம்பல் கலருக்குள் நனைந்தது. முதல் மீசைக்குக் கீழே, வலப்பக்கமாக...

"அந்தக் கோடு எதுக்குங்க?"

"நிழல் சார். அது இல்லேன்னா மொட்டையா இருக்..."

கதவருகே மனைவி நிற்பதை அப்போதுதான் பார்த்தார்.

பிரஷ் கீழே விழுந்தது.

"பிடிச்சுத் தள்ளினேன் சார்... அவ்வளவுதான். என் திரையை மிதிச்சுக்கிட்டு நின்னு சிரிச்சான். படியில உருண்டவன் எழுந்திரிக்கல. பனியன் மாட்டியிருந்தான், ஓட வந்தவன் தடுக்கி விழுந்துட்டான்னு நினைக்கட்டும்னு முகத்தைப் போட்டேன். இவளோட பழைய கலர் பெட்டி ஸ்கூட்டர்லயே இருந்துச்சு. டாக்டர் அப்படிச் சொன்னதும்... பயந்துட்டேன்."

அவள் பக்கம் திரும்பினார்.

"மன்னிச்சிடு."

"பயந்தா என் பேருதான் வாயில வருமா உங்களுக்கு?"

இன்ஸ்பெக்டர் அவர் தோளைத் தொட்டு ஜீப்புக்கு நடத்திப் போனார்.

அறையில் கான்ஸ்டபிள் மட்டும் மிச்சம். ஒரு கன்னத்தில் பூனை. மறு கன்னத்தில் போலீஸ்.

"அம்மா... இந்தப் பக்கம் அப்படியே நிக்குதே?"

அவள் பெருமூச்சு விட்டபடி பிரஷ்ஷைக் குனிந்து எடுத்தாள்.

"உட்காருங்க. அவர் பாதியில விடுற வேலையை எல்லாம் முடிச்சு வைக்கிறது எப்பவும் நான்தான்."