பின்னோக்கி வரும் பெட்டி

குழியில் முதல் பிடி மண் விழுகிற இடத்தில்தான் ஹியூபேட் கிழவர் நேற்றுப் படத்தை நிறுத்தினார். இன்று காலை டீவியைப் போட்டால், பெட்டி இன்னும் சேமக்காலை வாசலில், கல்லறைகளுக்கு வெளியே நிற்கிறது.

மனைவி புளோறன்ஸின் செத்தவீட்டு வீடியோ அது. கனடாவிலிருந்து வரமுடியாத அவள் தங்கைக்காகப் பதினெட்டு வருஷத்துக்கு முன் எடுத்தது. அவள் முகம் இருக்கிற ஒரே வீடியோ.

அதற்காகத்தான் கொட்டாஞ்சேனை வீட்டில் ஒரு மாதமாகச் சண்டை. மருமகன் கிளைவ் பழைய கம்பியூட்டர் ஒன்றை டீவிக்குக் கீழே வைத்து, வீட்டுப் படங்களை எல்லாருடைய போனிலும் பேத்தி றேணுகாவின் டெப்பிலும் பார்க்க ஒரு மென்பொருள் தேடினான். முதலாவது, பெயர் பதியச் சொன்னது.

"என்ர மனிசியைப் பார்க்க எவனிட்டயோ பேர் பதியோணுமோ? கழற்று அதை!"

இரண்டாவது டெப்பில் ஓடவில்லை. மூன்றாவது இலவசம், ஒன்றும் வீட்டைவிட்டு வெளியே போகாது, ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் பார்க்கலாம். அதையே போடச் சொன்னது கிழவர்தான்.

அடுத்த நாள் காலை பெட்டி சேமக்காலை வாசலிலும் இல்லை. இன்னும் வீட்டுக்குக் கிட்ட, ஜம்பட்டா வீதியில் நின்றது.

"ஆரடா என்ர படத்தை நோண்டுறது?"

"நீங்கதான் றிமோட்டைப் பின்னுக்கு அமத்தியிருப்பீங்க, மாமா."

"ஹாபரில முப்பது வருஷம் கிரேன் ஓட்டினவன் நான். எனக்கு முன்னுக்கும் பின்னுக்கும் தெரியாதோ?"

கிளைவ் சிரித்துக்கொண்டே கம்பியூட்டரைத் துருவினான். சிரிப்பு நின்றது. "டீவியில பார்த்ததா இல்ல. எங்கட போன், டெப் ஒண்டிலயும் இல்ல. ஆனா ஆரோ பார்த்திருக்கு. படத்தையே அழிச்சுவிடட்டா, மாமா?"

"தொட்டாயெண்டா கையை முறிப்பன்."

வியாழன் மத்தியானம் வீட்டில் அவர் மட்டும். றேணுகாவின் ஸ்கூல் வேன் ஒன்றரைக்கு வரும். வெயிலில் தகரம் முறுகுகிற சத்தம், அடுத்த வீட்டுக் கருவாட்டுப் பொரியல் மணம், அதற்குள்ளே மெல்ல மெல்ல நுழைந்த செத்தவீட்டு மாலையின் வாடிய அரளிப்பூ மணம், எல்லாவற்றையும் மூக்கைச் சுளித்துத் தள்ளிவிட்டு அவர் டீவியைப் போட்டார். 'விட்ட இடத்திலிருந்து தொடரவா?' என்றது.

அமத்தினார். பெட்டி அவர் வீட்டுச் சந்துக்குள் நின்றது. தூக்கியவர்கள் பின்பக்கமாக நடந்தார்கள். கோயில் மணியில் ரீங்காரம் முதலில் வந்து, அடி பிறகு விழுந்தது.

அப்போதுதான் விளங்கியது. யாரோ கடைசியிலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறார்கள். கால்மாடு முன்னாகப் போன பெட்டி, தலைமாடு முன்னாக வீடு திரும்புகிறது.

வயரைப் பிடுங்கினார். திரை கறுத்தது. மணி நிற்கவில்லை. வெளியே. சந்துக்குள்.

கிழவர் ஓடவில்லை. வாசலில் போய் நின்று, இரண்டு கையாலும் கதவு நிலையை இறுக்கிப் பிடித்தார்.

"புளோறன்ஸ், போன நீ போனதுதான். நீ புளோறன்ஸ் இல்லாட்டி, உனக்கு இஞ்ச வேலையே இல்ல. இது பிள்ளை வாற வீடு."

வலத்தோளில் பாரம் இறங்கியது.

பலகை விளிம்பு. கண்ணுக்குத் தெரியாத பலகை. தலைமாட்டில், இதே தோளில், அன்றைக்குத் தூக்கியவர் அவர்தான்.

எதிரே ஒருவருமில்லை. காலடிகள் மட்டும். அன்று கூடத் தூக்கிய மற்ற மூன்று பேருடையவை. அவரை உள்ளே தள்ளின. குதிக்கால் சறுக்கியது.

"விடமாட்டன். தள்ளு பார்ப்பம்."

சந்து முனையில் வேன் ஹோர்ன். ஓடிவருகிற சப்பாத்துகள்.

"வராத பிள்ளை! அங்கயே நில்!"

றேணுகா நின்றாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய தோளுக்கு மேலே, பெட்டிக்குள் யாரோ எழும்பி உட்கார்ந்தால் தலை வரும் உயரத்தில் பார்த்தாள். பிறகு, பதிலுக்கு, மெதுவாகக் கையை ஆட்டினாள்.