சட்டைப் பைக்குள் போன வார்த்தைகள்

"நம்ம தெருவுல யாருமே பேசாத வார்த்தையை எதுக்கும்மா படிக்கிறே?"

பட்டாணி ஒருநாள் இப்படிக் கேட்டாள். உருண்டையாக, குட்டையாக இருப்பதால் எல்லாரும் அவளைப் பட்டாணி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்குப் பத்து வயது. அம்மா ஒரு சலவைக் கடையில் துணி தேய்க்கிறாள். அப்பா லாரி ஓட்டுகிறவர்; மாதத்தில் பாதி நாள் சாலையிலேயே போய்விடும். அதனால் பள்ளி விட்டதும் பட்டாணி நேராகக் கடைக்கு வந்துவிடுவாள்.

"பரீட்சையில கேக்குறாங்களே, அதுக்குத்தான்" என்றாள் அம்மா, ஒரு சட்டையின் காலரைத் தேய்த்தபடி. "யாரு பேசுறாங்கன்னு எனக்கும் தெரியலடி."

ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் படிப்பைப் படிக்க வேண்டும் என்பது அம்மாவின் வெகுநாள் ஆசை. அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு. அதில் பாதிக் கேள்விகள் வாயில் நுழையாத இங்கிலீஷ் வார்த்தைகள். இந்த வருஷம் எழுதாவிட்டால் வயது தாண்டிவிடும். பிறகு எத்தனை ஆசைப்பட்டாலும் பயனில்லை.

நூலகத்திலிருந்து ஒரு தடிப் புத்தகம் வாங்கி, புதுச் சட்டைகளுக்குள் வைக்கும் அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு வார்த்தையும் அர்த்தமும் எழுதிவைத்தாள் அம்மா. புத்தகம் திரும்பிப் போய்விட்டது. அட்டைகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன.

ஒரு சட்டைக்கு ஒரு வார்த்தை. இதுதான் அம்மாவின் கணக்கு. கசங்கிய ஒவ்வொரு சட்டையின் பையிலும் பட்டாணி ஓர் அட்டையைச் செருகிவைப்பாள். அம்மா அதை எடுத்துத் தண்ணீர் பாட்டில் மேல் சாய்த்து, தேய்க்கிற நேரமெல்லாம் முணுமுணுப்பாள். மடித்து முடித்ததும் மறுபடி பையிலேயே செருகிவிடுவாள். பொட்டலம் கட்டும் முன் பட்டாணி அட்டையை எடுத்து, "அர்த்தம் என்ன?" என்று கேட்பாள். சரியாகச் சொன்னால் அட்டை டப்பாவுக்குப் போகும். தப்பாகச் சொன்னால் மறுநாள் சட்டைக்குப் போகும்.

பரீட்சைக்கு எட்டு நாள் இருந்தபோது, இருபத்திரண்டு அட்டைகள்தான் டப்பாவுக்குப் போகாமல் அடம்பிடித்துக்கொண்டிருந்தன.

அந்தச் சனிக்கிழமை எதிர்க் கடைக்குப் பெயர்ப் பலகை எழுத ஒருவர் ஏணி போட்டு ஏறினார். சிவப்பு எழுத்தும் அதற்கு மஞ்சள் ஓரமுமாக அவர் எழுதுவதைப் பட்டாணி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பி வந்தபோது மேஜை காலியாக இருந்தது. வீடு வீடாகத் துணி கொண்டுபோய்க் கொடுக்கும் சைக்கிள் அண்ணன், அவரே பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். இருபத்திரண்டு சட்டைகளோடு இருபத்திரண்டு வார்த்தைகளும் ஊருக்குள் போய்விட்டன.

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. சுவிட்சை அணைத்துவிட்டு, சூடு ஆறும் இஸ்திரிப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மறுபடி எழுதிக்கலாம்மா" என்றாள் பட்டாணி மெல்ல.

"எது எதுன்னு ஞாபகம் இருந்தா எழுதலாம். ஞாபகம் இல்லாததைத்தானே இத்தனை நாளா திரும்பத் திரும்பப் படிச்சேன்."

அன்றைக்கு இருவருக்கும் சோறு இறங்கவில்லை.

பட்டாணிக்குப் புது மனிதர்களைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். வகுப்பில் அவளை ஊமைக்கோட்டான் என்று கேலி செய்வார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே கடை முதலாளியம்மாவிடம் போய், சட்டைகளின் எண்ணிக்கையும் வீட்டு விலாசமும் எழுதிய நோட்டைக் கேட்டாள். அவள் பேசி முதலாளியம்மா பார்த்ததே இல்லை; திகைத்துப்போய் நோட்டைக் கொடுத்துவிட்டார். சைக்கிள் அண்ணன், "சைக்கிள்ல ஏறு, போலாம். நான் கீழேயே நிக்கிறேன். பேசுறது உன் பொறுப்பு" என்றார்.

ஒவ்வொரு வீட்டு மணியை அழுத்தும் முன்னும், 'சாமி, திட்டாம இருக்கணும்' என்று வேண்டிக்கொண்டாள்.

முதலில் முடி வெட்டுகிறவர். 'கேருலஸ்: ஓயாமல் பேசுகிறவர்' என்ற அட்டையைக் கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்தார். வந்தவர்கள் எல்லாரும் அது அவரைத்தான் குறிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவதாக ஒரு கால் மணி நேரம் நிறுத்தாமல் புகார் சொன்னார். பல் டாக்டரம்மாவுக்கு வந்தது 'மெட்டிகுலஸ்: ஒவ்வொன்றையும் நுணுக்கமாகச் செய்பவர்'. தன்னைப் பாராட்டித்தான் கடையில் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தாராம். அட்டையைத் தருவதற்கு முன் ஒரு துணியால் துடைத்து, ஓரங்களை நீவிக் கொடுத்தார்.

இன்னொரு வீட்டில் கணவனும் மனைவியும் நேற்றிலிருந்து பேசிக்கொள்ளவில்லை. அவர் சட்டையில் 'ஆப்ஸ்டினேட்: பிடிவாதக்காரர்' இருந்ததாம். மனைவிதான் எழுதி வைத்தாள் என்று அவர் நினைத்துவிட்டார். பட்டாணி விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அட்டை சரியான சட்டைக்குத்தான் வந்திருக்கு, பாப்பா."

ஞாயிறும் திங்களும் அலைந்து இருபத்தோரு அட்டைகள் சேர்ந்துவிட்டன. ஒன்றுதான் பாக்கி. மூன்றாவது மாடி, ஒரு வெள்ளைச் சட்டை.

கதவைத் திறந்தவருக்கு அப்பா வயதிருக்கும். வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்களாம். வேலை கேட்டுப் போகிற நாளில் மட்டும் போட்டுக்கொள்ள அந்த ஒரே வெள்ளைச் சட்டையை வைத்திருந்தார். அன்று காலையிலும் ஓர் இடத்துக்குப் போய் வந்திருந்தார். அங்கே வாசலில் காத்திருந்தபோதுதான் பையில் கை பட்டதாம். 'இன்டிஃபாட்டிகபிள்: சளைக்காதவர்' என்று எழுதியிருந்தது.

"அந்த நேரத்துல எழுந்து வீட்டுக்கு வந்துடலாம்னு இருந்தேம்மா" என்றார் அவர். "இதைப் படிச்சதும் உக்காந்துட்டேன். யாரோ எனக்குன்னே வச்ச மாதிரி இருந்துச்சு. அவங்க வியாழக்கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்காங்க." பிறகு சட்டென்று, "உங்க அம்மாவோடதா? இந்தா, எடுத்துக்க" என்று நீட்டினார்.

நீட்டினாரே தவிர, விரல்கள் அட்டையை விடவில்லை. பட்டாணி அதைக் கவனித்தாள்.

அம்மாவுக்கும் இது வேண்டும். ஒரு கேள்வி தவறினால்கூடப் படிப்பு போய்விடலாம். பட்டாணி அட்டையை அவர் கையில் இருந்தபடியே வைத்து மூன்று முறை படித்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை சொல்லிப் பார்த்தாள்.

"எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. நீங்களே வச்சுக்கங்க மாமா. வியாழக்கிழமை வேணுமில்ல?"

அவர் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் அவள் படியிறங்கத் தொடங்கிவிட்டாள். படிக்கு ஓர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டே இறங்கினாள். ஒவ்வொரு மாடிக்கும் பதின்மூன்று படி, பதின்மூன்று எழுத்து. கீழே சைக்கிள் அண்ணன் பேச்சுக் கொடுத்தபோது, வாயைத் திறந்தால் எழுத்து சிந்திவிடும் என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டினாள்.

கடைக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு புது அட்டை வெட்டி எழுதினாள். அம்மா அட்டைகளை எண்ணினாள். கடைசி அட்டையில் கண் நின்றது.

"இது உன் கையெழுத்தாச்சே."

பட்டாணி நடந்ததைச் சொன்னாள். அம்மா அந்த அட்டையை மற்றவற்றோடு சேர்த்து அடுக்கினாள். பிறகு, "அந்த வெள்ளைச் சட்டையைப் புதன்கிழமை வாங்கிட்டு வரச் சொல்லு சைக்கிள் அண்ணன்கிட்ட. காலரை நானே இன்னொரு தரம் தேய்ச்சுத் தரேன். காசு வேண்டாம்னு சொல்லிடு" என்றாள்.

அதன் பிறகுதான் வேடிக்கை. அடம்பிடித்த வார்த்தைகள் எல்லாம் பசு மாதிரி சாதுவாகிவிட்டன. அம்மா தடுமாறும்போதெல்லாம் பட்டாணி, "கண்ணாடியில ஒட்டினாரே" என்பாள். உடனே, "ஓயாம பேசுறவரு" என்று வந்துவிடும். "துணியால துடைச்சாங்களே" என்றால் பல் டாக்டரம்மா வந்துவிடுவார். வெள்ளிக்கிழமைக்குள் இருபத்திரண்டும் டப்பாவுக்குள் போய்விட்டன.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு எழுதிவிட்டு வந்த அம்மாவின் முகம் சிவந்திருந்தது. சிரிக்கிறாளா, அழப்போகிறாளா என்று தெரியவில்லை.

"யாரும் பேசாத வார்த்தைன்னு கேட்டியே" என்றாள். "நம்ம தெருவே கேள்வித்தாள்ல உக்காந்திருந்துச்சுடி. முடி வெட்டுறவரு வந்தாரு, பிடிவாதக்காரர் வந்தாரு."

"வெள்ளைச் சட்டை மாமா?"

"கடைசிக் கேள்வியே அவருதான்."

இரண்டு மாதம் கழித்து அம்மாவுக்கு இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. முதலாளியம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

வகுப்பு தொடங்குவதற்கு முதல்நாள் சாயங்காலம், அம்மா கடைசிப் பொட்டலங்களைக் கொடுக்க வெளியே போயிருந்தாள். பட்டாணி தனியாகத் துணிகளைப் பிரித்துவைத்துக்கொண்டிருந்தாள். குவியலில் அந்த வெள்ளைச் சட்டை இருந்தது. கூடவே நீல நிறத்தில் ஒரு புது வேலைச் சட்டை. மார்பில் ஏதோ நிறுவனத்தின் பெயர் தைத்திருந்தது.

வெள்ளைச் சட்டையின் பையில் கை விட்டுப் பார்த்தாள். ஓரம் மழுங்கிப்போன அட்டை அங்கே இருந்தது. பின்பக்கத்தில் பென்சிலால் ஒரே வரி: 'எனக்குக் கைகொடுத்தது. இனி உங்கள் அம்மாவுக்கு.'

ஆணியில் அம்மாவின் புது வெள்ளைக் கோட்டு தொங்கியது. நாளைக்குப் பரிசோதனைக் கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போவதற்காக அம்மாவே தேய்த்து மாட்டியிருந்தாள். பட்டாணி ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறினாள். அட்டையை அதன் பைக்குள் மெல்லச் செருகினாள். மடிப்புக் கலையாமல் ஒரு முறை நீவிவிட்டாள்.

பொட்டலம் கட்டும் முன் அட்டையை வெளியே எடுப்பது எப்போதும் அவள் வேலை. இன்றைக்கு அதை அப்படியே விட்டுவிட்டு இறங்கி, ஸ்டூலைப் பழைய இடத்தில் வைத்தாள்.