புதிய பெட்டிக்குப் பழைய பெயர்

“ஏம் புள்ள, உனக்கும் அவனுக்கும் சண்டையா?”

கொழும்பிலிருந்து வந்திருந்த சின்ன மாமியார் ஒருமுறை ஜெசிந்தாவிடம் இப்படிக் கேட்டாள். வந்ததிலிருந்து பார்க்கிறாள், கணவனும் மனைவியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றூஸ் பின்கட்டில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். தேநீரில் இஞ்சி கூடிவிட்டது, ஆனாலும் அவனுக்குப் பிடித்திருக்கிறது என்பது அடுப்படியில் நின்ற அவளுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. இதில் வாய் திறந்து பேச என்ன இருக்கிறது?

கடல் ஏறிய பிறகு தூத்துக்குடியில் தூண்கள்மேல் கட்டிய வீடுகள் எல்லாவற்றிலும் வீட்டிழை உண்டு. காதுக்குப் பின்னால் கடுகளவு செவிமணி, கூடத்துச் சுவரில் இழைப்பெட்டி. ஒருவர் உடம்பில் எழும் உணர்வைச் செவிமணி எடுத்து அனுப்பும். பெட்டி அதை வாங்கி அடுத்தவருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். சொற்கள் வராது. இதமாகவோ கனமாகவோ ஏதோ ஒன்று வந்து உடம்பில் இறங்கும்.

அன்றூஸுக்கு மிதப்பளத்தில் வேலை. கடல்மேல் மிதக்கும் பாத்திகளில் உப்பு விளைந்தது. சன்னலில் நின்றால் அது ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். பகல் சங்கு ஊதியதும் அவன் அங்கே கஞ்சி குடித்துவிட்டு நிழலில் சாய்வான். இங்கே ஜெசிந்தாவும் பாயில் சாய்வாள். காலையிலிருந்து மெலிதாக வந்துகொண்டிருந்த அவன், அப்போது முழுசாக வருவான். வெந்நீரில் முக்கிப் பிழிந்த துணியை முதுகில் போட்டதுபோல ஒரு வெதுவெதுப்பு. தூண்களைத் தண்ணீர் மெல்லத் தட்டும். அரைத் தூக்கத்தில் வெள்ளைப் பாத்திகள் அவள் பாய்க்கு அடியில் வந்து அசையும். வீடு, பாய், அவன் எல்லாம் ஒன்றாக மிதந்து எங்கேயோ போகும். நாள் முழுக்க அவள் வேலை செய்ததே அந்தச் சிறு பொழுதுக்காகத்தான்.

ஒரு நாள் காலை அன்றூஸ் தோணி ஏறிப் போன பிறகு, அந்தப் பெட்டி உப்புக்காற்றில் அரித்துச் செத்துப்போனது. அவனுக்குத் தெரியாது. பகல் சங்குக்கு முன்பே புதுப் பெட்டி வந்துவிட்டது.

அந்த ஊரில் புதுப் பெட்டிக்குப் பழைய பெட்டியின் பெயரையே வைப்பார்கள், பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பதுபோல. பெயரும் கடவுச்சொல்லும் மாறாவிட்டால் வீட்டுப் பொருள்கள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். ஜெசிந்தா ‘நீலத்தோணி’ என்று எழுதினாள். விளக்கு வந்தது, விசிறி வந்தது, குளிர்பெட்டி முனகிக்கொண்டே வந்தது. கடைசியில் இரண்டு செவிமணிகளும் வந்தன. எல்லாம் பச்சை.

அன்றூஸ் மட்டும் வரவில்லை.

அவள் கூடத்தில் நின்று பார்த்தாள், பாயில் உட்கார்ந்து பார்த்தாள். முதுகில் வெறும் காற்றுதான் பட்டது. உதவி எண்ணை அழைத்தாள்.

“வணக்கமுங்க, கோகிலவாணி பேசறேன், பொள்ளாச்சியிலிருந்துங்க. சொல்லுங்க்கா, என்ன ஆச்சு?”

“எல்லாம் வந்துட்டு. எங்க வீட்டுக்காரரு மட்டும் வரல.”

“வேலைக்குப் போனவரு சாயங்காலந்தானுங்க வருவாரு!”

“இழையில வரலம்மா. எனக்கு அழுகையா வருது, நீங்க விளையாடுதீங்க.”

“ஐயோ, சும்மா சொன்னேனுங்க. பொட்டிய எங்க வெச்சிருக்கீங்க?”

“மாதா படத்துக்குக் கீழ.”

“அவங்க ஒண்ணும் தடுக்க மாட்டாங்க. ஒருக்கா அணைச்சுப் போடுங்க.”

அணைத்துப் போட்டாள். மறுபடி எல்லாம் பச்சை, மறுபடி முதுகில் காற்று.

“சரிங்க, செவிமணிய அந்தப் பேர மறக்கச் சொல்லிட்டு, புதுசா சேத்துங்க.”

“அவுக பேரையா?”

“பொட்டி பேருங்க்கா! பேரு ஒண்ணா இருக்குதேன்னு அதுபாட்டுக்கு ஒட்டிக்கிட்டு இருக்கும். உள்ள ஆளு வேறன்னு அதுக்கு எப்படித் தெரியுமுங்க?”

அதையும் செய்தாயிற்று. கோகிலவாணி தன் பக்கத்திலிருந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, வழி நல்லாத்தான் இருக்குது. அவரு மணியும் முழுசா இணைஞ்சிருக்குது. அதுல வர்றதுக்குத்தான் ஒண்ணும் இல்லீங்க.”

“நேத்து வரைக்கும் வந்துச்சே.”

“பழைய பொட்டியில இட்டுநிரப்பி இருந்துச்சுங்களா?”

ஜெசிந்தாவுக்கு அந்தச் சொல்லே புதிது. கோகிலவாணி விளக்கினாள். அலை குறுக்கிட்டு இழை அறுந்தால், பழைய பெட்டி முன்பு சேமித்து வைத்த உணர்விலிருந்து ஒரு துண்டை எடுத்து அந்த இடைவெளியில் வைத்துத் தைத்துவிடும். கண்ணிமைக்கும் நேரத்து அறுபடலுக்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் ஒருவர் எதையும் அனுப்பாமலே இருந்தாலும் பெட்டிக்கு அது அறுந்த இழையாகத்தான் தோன்றும். தைத்துக்கொண்டே இருக்கும்.

“எவ்வளவு நாளா தச்சுச்சு?”

“அது பொட்டிக்கே தெரியாதுங்க. அவரு பக்கம் மட்டும் இல்லீங்க்கா, உங்க பக்கமும் அப்படித்தான்.”

ஜெசிந்தா சன்னலைப் பார்த்தாள். வெள்ளைக் கோடு வெயிலில் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த வெதுவெதுப்பு என்றைக்கும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிந்தது இப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. தான் என்ன அனுப்பினோம் என்று யோசித்தாள். வாங்கிக்கொள்ளப் படுத்தது மட்டுமே ஞாபகம் இருந்தது.

“அது எனக்குத் திரும்ப வருமா?” என்று கேட்டாள்.

“பழைய பொட்டி செத்தாலும் சேமிப்பு உள்ளயே இருக்குமுங்க. இறக்க முடியுமான்னு பாத்துட்டு வர்றேன், இருங்க்கா.”

காத்திருப்பு இசை ஓடியது. தண்ணீரின் மேல் பகல் சங்கு ஊதி ஓய்ந்தது. ஜெசிந்தா பழக்கத்தில் பாயில் சாய்ந்தாள். ஒன்றும் வரவில்லை. அவள் எழுந்துவிடலாம் என்று நினைத்தபோது அடிவயிற்றில் யாரோ விரலை வைத்து அழுத்தியதுபோல இருந்தது. அப்புறம் அது கையாகி, பிசைந்தது. வாய் உலர்ந்தது. உள்ளங்கால் எரிந்தது.

“ஏ கோகிலவாணி! இருக்கீங்களா? ஏதோ வருது. ஆனா இது அவுக இல்ல!”

“எப்படிங்க இருக்குது?”

“நெஞ்சு அடச்சுக்கிட்டு வருது. யாரோ எதையோ துரத்திட்டு ஓடுத மாதிரி.”

“பக்கத்து வீட்டு இழை ஏதாச்சும் கலந்திருக்குமுங்க. புதுப் பொட்டியில இரைச்சல் சகஜம். இத வடிகட்டிட்டு அந்தச் சேமிப்ப இறக்கீரலாம். ஆனா ஒண்ணு சொல்லீர்றேன், வர்றது தச்சதாத்தான் இருக்கும்.”

“இத என்னால தாங்க முடியல. பழையபடி ஆனாப் போதும்.”

“அப்ப ரெண்டு பொட்டியவும் ஒட்டினாப்ல வெச்சு, ரெண்டு பொத்தானையும் அழுத்திப் பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் கை எடுக்கக் கூடாதுங்க.”

ஜெசிந்தா சுவரோரம் முழந்தாளிட்டு இரண்டு கட்டைவிரல்களாலும் அழுத்தினாள். நெடுநேரமாகியும் இரைச்சல் குறையவில்லை. நெருங்கி நெருங்கி வந்தது. வாசலுக்கு வரும் பலகைப் பாலம் அதிர்ந்தது. கதவு படாரென்று திறந்தது.

அன்றூஸ் வாசலில் நின்றான். காலில் செருப்பில்லை, கைலி தொடைவரை நனைந்திருந்தது.

“ஜெசி, உனக்கு ஒண்ணும் ஆவலியே? கஞ்சி குடிச்சிட்டுச் சாஞ்சா நீ வரவே இல்ல. அலையாயிருக்கும்னு பாத்தேன். அப்பவும் வரல. செத்துகித்துப் போயிட்டியோன்னு... சரக்குத் தோணியில தொத்திக்கிட்டு வந்தேன்.”

அவன் குரல் உடைந்தது. அந்த நொடியில் இரைச்சல் அவள் மார்பைக் கிழித்துவிடும்போல ஏறியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“கொஞ்சம் இருங்க, கை எடுக்கப்படாது. இப்பதான் நீங்க நல்லா வர ஆரம்பிச்சிருக்கீக.”

இரைச்சல் இறங்கியது. முள் முள்ளாக உதிர்ந்து அடங்கியது. பிறகு முதுகில், அதே இடத்தில், வெதுவெதுப்பு தொடங்கியது.

“வந்துட்டாருங்களா அக்கா?”

“வந்துட்டாக,” என்றாள் ஜெசிந்தா. கண்ணிலிருந்து நீர் இறங்கியது. பின்னால் அவன் உட்கார்ந்திருப்பதைப்போலக் காற்றில் லேசாகச் சாய்ந்துகொண்டாள். பாத்திகள் தரைக்கு அடியில் வந்து அசையத் தொடங்கின.

அவளுடைய அன்றாட இதமும் அன்றூஸுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். மேலும் கீழுமாக வாங்கிக்கொண்டிருந்த அவன் மூச்சு தணிந்தது. முகத்திலிருந்த பயம் கலைந்து, தூக்கத்திலிருந்து எழுந்தவன்போல ஒருமுறை கூடத்தைப் பார்த்தான். அளத்தில் பாதி வாரிய உப்பு அப்படியே கிடந்தது. அவன் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, பாலத்தில் இறங்கி நடந்தான்.