ஊர்வலம் முடியும் இடம்

"பொம்மியைக் காணோம்!"

இளமாறன் போட்ட கத்தலில், மாதேஸ்வரி கையில் முறுக்கோடு ஓடி வந்தாள். தருமபுரியிலிருந்து தென் பிரான்சில் உள்ள சித்தி வீட்டுக்கு அவள் வந்து மூன்று நாள்தான் ஆகிறது. அதற்குள் சித்தி மகன் இளமாறனின் நாய்க்குட்டி பொம்மி அவளுக்கு உயிராகிவிட்டது.

"நேத்துப் போட்ட எலும்பையும் காணோம். பைன் காட்டுக்குத்தான் தூக்கிட்டுப் போயிருக்கு. அங்க இப்ப கம்பளிப்புழு இறங்குற நேரம். வாய் வச்சா நாக்கே அழுகிடும்!"

தண்ணீர் பாட்டிலோடு இருவரும் மலையேறினார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அப்போது தாழ்ந்த கிளையொன்றில் வெள்ளை வெளேரென்று ஒரு கூடு! பட்டுப்புழு வளர்க்கும் வீட்டுப் பெண்ணுக்குக் கை சும்மா இருக்குமா?

"அண்ணா, பட்டு!"

"தொடாதே!"

தொட்டே விட்டாள். வலது கை நெருப்பாய் எரிந்தது. "தேய்க்காதே, கூட்டுல இருக்குற புழு முடியெல்லாம் உள்ள ஏறிடும்" என்று இளமாறன் தண்ணீரை ஊற்றினான். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் அவளுக்குக் கேள்வி நிற்கவில்லை.

"எங்க புழு கூட்டுக்குள்ளயேதான் தூங்கும். இதுங்க எதுக்கு இறங்குது?"

"கோடையில அந்துப்பூச்சி பைன் இலையில முட்டை வைக்கும். பொரிஞ்சு வந்த புழு குளிர் முழுக்க இந்தக் கூட்டுல இருக்கும். இப்ப வரிசையா இறங்கி, வெயில் படுற மெத்து மண்ணாப் பாத்துப் புதைஞ்சுக்கும். அப்புறம் அந்துப்பூச்சியா வெளிய வரும்."

மாதேஸ்வரி கண்ணைத் துடைத்தாள். "மெத்து மண்ணா? எலும்பு புதைக்கப் பொம்மி தேடுறதும் அதானே!"

இளமாறனுக்குப் பகீரென்றது. நாலடி தள்ளி, ஒன்றன் வாலை ஒன்று தொட்டபடி நூறு புழுக்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. அவை போகும் திசையில் இருவரும் ஒதுங்கி ஓடினார்கள். மரங்கள் விலகின. வெயில் வெளியில் பொம்மி மும்முரமாய்த் தோண்டிக்கொண்டிருந்தது! அதன் முதுகுக்குப் பின்னால், இரண்டு முழத்தில், இன்னொரு ஊர்வலம்!

"பொம்..." என்று ஆரம்பித்தவனின் வாயைப் பொத்தினாள் மாதேஸ்வரி. "இங்க இருந்து கூப்பிட்டா புழு மேலயே ஓடி வரும். சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் போலாம், வா!"

மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார்கள். அவள் முறுக்கைக் கடித்தாள். கடக்!

பொம்மியின் காது நிமிர்ந்தது. எலும்பாவது ஒன்றாவது! ஒரே பாய்ச்சலில் அவள் மடிக்கு வந்துவிட்டது. முதல் புழு குழிக்குள் எட்டிப் பார்த்தபோது, குழி காலி.

வீட்டில் கையைப் பார்த்துச் சித்தி பதறிப்போனாள். "இதையாடி பட்டுன்னு நெனச்ச?"

"நம்ம வீட்டுப் புழுவையே பாத்துப் பழகிட்டேன், சித்தி. எல்லாப் புழுவும் அதே மாதிரி சாதுன்னு நெனச்சிட்டேன். இனிமே கேட்டுட்டுத்தான் தொடுவேன்."

வலக்கையில் இட்லி அளவு வீக்கம். அதனால் மீதி முறுக்கை இடக்கையால் நீட்டினாள். "மன்னிச்சுக்க பொம்மி, பீச்சாங்கை."

பொம்மி எந்தக் கை என்று பார்க்கவேயில்லை. கடக்!